டிக் வந்துவிட்டது, பணம் போய்ச் சேர்ந்ததா? ஆப்பிள் பே, கூகுள் வாலட் ஓர் அலசல்

தட்டிப் பணம் கட்டும் ஆப்பில் திரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. கடையில் கார்டைப் படிக்கும் கருவியான ரீடரிடம் போனை நீட்டும் அந்த நொடியில் பாதிப் பேருக்குத் திரை கண்ணில் படாது. போன் சாய்ந்திருக்கும், இல்லையென்றால் கை மறைத்துக்கொண்டிருக்கும். தட்டுவதற்குக் கொஞ்சம் முன்னும் கொஞ்சம் பின்னும் ஆப் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃபேஸ் ஐடி உள்ள ஐபோனில் பக்கவாட்டு பட்டனை இரண்டு முறை அழுத்தினால் வழக்கமான கார்டு வந்து நிற்கும். முகத்தைக் காட்டிவிட்டுப் போனின் மேல் விளிம்பை ரீடரருகே கொண்டுபோனால் போதும். முதலில் அடையாளம், பிறகு தட்டல் என்ற இந்த வரிசைதான் ஆப்பிள் பேயின் பெரிய பலம். பில் போடும்போதே பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம். பட்டனை அழுத்த மறந்தாலும் ரீடரின் அலையை உணர்ந்து கார்டு தானாகவே திரைக்கு வந்துவிடும்.

கூகுள் வாலட்டில் வேலை இன்னும் குறைவு. பூட்டைத் திறந்து தட்ட வேண்டியதுதான், ஆப்பைத் தேடிப் போக வேண்டாம். ஆனால் போனைத் திறந்து சற்று நேரமாகியிருந்தால், தட்டிய பிறகு கைரேகையோ பின் (PIN) எண்ணோ கேட்கலாம். அப்போது போனைத் திரும்ப எடுத்து, விரலை வைத்து, மறுபடி தட்ட வேண்டும். பின்னால் நான்கு பேர் நிற்கும்போது பதற்றம் வருவது இந்த இடத்தில்தான். கட்டும் இடத்துக்கு வந்ததும் பூட்டைத் திறப்பது இதற்கு நல்ல வழி.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, எந்த ஆப்பும் மென்பொருளாலேயே கார்டு போல ரீடரிடம் பேச வழி திறந்தது. அதனால் ஒரே போனில் இரண்டு மூன்று கட்டண ஆப்கள் இருக்கலாம். தட்டினால் எந்த ஆப் வர வேண்டும் (டிஃபால்ட்) என்று செட்டிங்ஸில் என்எஃப்சி (போனும் ரீடரும் மிக அருகில் பேசிக்கொள்ளும் ரேடியோ வசதி) பகுதிக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால், தட்டும்போது வேறு ஆப் எழுந்து வரும். சில சமயம் ஒன்றுமே நடக்காது. முதல் கார்டைச் சேர்க்கும்போதே இதையும், என்எஃப்சி ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் சரிபார்ப்பது ஆப்பின் கடமை.

ஒன்றுமே நடக்காததற்கு அடுத்த காரணம், வைக்கும் இடம். என்எஃப்சி 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. எட்டுவது ஏறத்தாழ 4 செ.மீ. ஐபோனில் ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் அது பின்பக்கம் கேமரா அருகிலோ நடுவிலோ, மாடலுக்கு மாடல் மாறும். "ரீடரருகே பிடியுங்கள்" என்ற பொதுவான வாசகம் இங்கே உதவாது; மாடலுக்கேற்ற படம் வேண்டும். போனைச் சட்டென்று இழுக்காமல் ஓரிரு நொடி அசையாமல் வைக்க வேண்டும். உலோக உறை அலையைத் தடுக்கும். உறைக்குள் பிளாஸ்டிக் கார்டு செருகியிருந்தால் ரீடருக்கு இரண்டு கார்டுகள் தெரிந்து, மறுத்துவிடலாம்.

இனி அந்த டிக். இரண்டு ஆப்பும் அதிர்வோடு டிக் காட்டுகின்றன. அதன் பொருள், போன் தன் பங்கை ரீடரிடம் கொடுத்துவிட்டது என்பது மட்டுமே. ரீடர் வங்கியைக் கேட்பது அதற்குப் பிறகு. அதற்குள் போன் விலகிவிட்டதால், வங்கி மறுத்தாலும் டிக் மாறாது. வாங்கியவர் நகர்ந்துவிடுவார், கல்லாவில் இருப்பவர் கூப்பிடுவார். இது வெறும் சொல் பிழை இல்லை, மனிதரைச் சங்கடத்தில் விடும் பிழை. "முடிந்தது" என்பதற்குப் பதில் "ரீடர் படித்துவிட்டது, அதன் திரையைப் பாருங்கள்" என்று காட்டி, வங்கியின் ஒப்புதல் வந்த பிறகு தனி அறிவிப்பு அனுப்புவதே நேர்மை. தோல்விக்குத் தனி அதிர்வும் வேண்டும். பச்சை, சிவப்பை மட்டும் நம்பினால் நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது அடுத்த குழப்பம். கடைக்குப் போவது கார்டு எண் இல்லை, அதற்குப் பதிலான டோக்கன் எண். ஆகவே ரசீதின் கடைசி நான்கு இலக்கங்கள் பிளாஸ்டிக் கார்டோடு பொருந்தாமல் போகலாம். இந்த எண்ணை இரண்டு ஆப்பும் கார்டு விவரங்களுக்குள் புதைத்து வைத்திருக்கின்றன. கார்டின் முகத்திலேயே இருக்க வேண்டியது அது.

கைக்கடிகாரத்திலும் அதே கார்டைச் சேர்த்திருப்பவர்கள் கவனிக்க: அதற்கும் வேறு டோக்கன்தான். வங்கிக் கார்டைத் தட்டி ஏறி இறங்கும் ரயிலில் கடிகாரத்தைத் தட்டி ஏறி, போனைத் தட்டி இறங்கினால், முடிக்கப்படாத இரண்டு பயணங்களாகக் கணக்காகிக் கட்டணம் கூடலாம். ஏறிய கருவியாலேயே இறங்குங்கள்.