சொந்தக் கர்னல்: ஏபிடிக்குச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை நாமே சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. டெபியன், உபுண்டு ஆகிய டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் விநியோகங்களில்) தலைவலி அதற்கப்புறம்தான் தொடங்குகிறது, ஏனென்றால் ஓடுவது ஒரு கர்னல், மென்பொருள் பொதிகளை நிறுவி நீக்கும் ஏபிடியின் கணக்கில் இருப்பது வேறொன்று. சமாளிக்க மூன்று வழி உண்டு, மூன்றிலும் அடிபட்டிருக்கிறேன்.

முதல் வழி, மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால், பிறகு மேக் இன்ஸ்டால் என்ற கட்டளைகள். வேகமான வழி இதுதான். இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத்தொகுதி), கிரப் (எந்தக் கர்னலில் பூட் செய்வது என்று கேட்கும் பட்டியல்) இரண்டும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஏபிடிக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜிக்கு எதுவுமே தெரியாது, நீக்க வேண்டுமென்றால் பூட் அடைவிலும், மாட்யூல்கள் (கர்னலில் தேவைக்கேற்ப ஏறும் துண்டுகள்) இருக்கும் லிப் மாட்யூல்ஸிலும் நாமே தேடித்தேடி அழிக்க வேண்டும். அதைவிட மோசம், லிப் மாட்யூல்ஸுக்குள் இருக்கும் 'பில்ட்' என்ற சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு. அது காட்டுவது நாம் கம்பைல் செய்த அதே சோர்ஸ் அடைவைத்தான். டிஸ்க் நிறைகிறதே என்று ஒருமுறை அந்த அடைவைத் தூக்கிவிட்டேன், மறுபடி பூட் செய்தபோதும் எல்லாம் ஓடியது, சில வாரம் கழித்து வெளி மாட்யூல்களைக் கர்னலுக்கேற்பக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் ஒரு டிரைவரைக் கட்டப் போய், அதற்கு வேண்டிய கர்னல் ஹெடர் கோப்புகள் இல்லை என்று நின்றபோதுதான் செய்த தப்பு புரிந்தது.

இரண்டாவது வழியாக மேக் பின்டெப்-பிகேஜி கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் என்று முறையான டெப் கோப்புகள் (ஏபிடி புரிந்துகொள்ளும் பொதிகள்) கிடைக்கும், ஹெடர் தனியாக இருப்பதால் சோர்ஸை அழித்தாலும் கவலையில்லை, வேண்டாமென்றால் ஏபிடியே நீக்கிவிடும். கூடவே வரும் லினக்ஸ்-லிப்சி-டெவ்வை மட்டும் தொடாதீர்கள், அது டிஸ்ட்ரோவின் அதே பெயர்ப் பொதியை மாற்றிவிடும், 32-பிட் பதிப்பும் கணினியில் இருந்தால் இரண்டின் பதிப்பெண்ணும் ஒத்துப்போகாமல் சண்டை வரும். டிஸ்ட்ரோவின் கர்னல் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கைக் காப்பி எடுத்தவர்கள் நம்பகச் சான்றிதழ் வரியைக் காலி செய்து, டீபக் தகவலையும் அணைத்துவிடுங்கள். முன்னதை விட்டால் கட்டுமானம் பாதியில் நிற்கும், பின்னதை விட்டால் முடியவே முடியாது போலத் தோன்றும். கர்னல் பதிப்பின் பெயரோடு ஒட்டும் லோக்கல்வெர்ஷனில் ஒரு அடையாளம் சேர்த்தால் டிஸ்ட்ரோ கர்னலோடு பெயர் மோதாது.

மூன்றாவது வழியான எக்விவ்ஸ், வெற்றுப் பொதி செய்யும் கருவி, வேறு ரகம். டெபியனில் டிகேஎம்எஸ்ஸை நிறுவினால் பரிந்துரை என்ற பெயரில் நாம் ஓட்டாத கர்னலின் ஹெடரும் சேர்ந்து வருமே, அப்போது எக்விவ்ஸால் ஒரு வெற்றுப் பொதி செய்து 'அது இங்கே இருக்கிறது' என்று ஏபிடியிடம் பொய் சொல்லலாம். பெயர் அளவில் தீரும் சார்புக்கு (ஒரு பொதிக்கு இன்னொன்று வேண்டும் என்ற நிபந்தனைக்கு) அது போதும். நிஜமாகவே கோப்பு தேவைப்படும் இடத்தில் பொய் அப்படியே வெளுத்துவிடும், உள்ளே ஒன்றுமில்லையே! அந்த ஒரு பரிந்துரைக்காக இவ்வளவு எதற்கு, நிறுவும்போது பரிந்துரைகளை விட்டுவிடச் சொன்னாலே தீர்ந்தது.

என் கை போவது பின்டெப் பக்கம்தான். ஆனால் அதிலும் ஒரு பொறி: கர்னல் மிகப் புதிதாக இருந்து வெளி மாட்யூல் இன்னும் அதற்குத் தயாராகவில்லை என்றால், டிகேஎம்எஸ் தோற்கும், டிபிகேஜி பொதியை அரைகுறையாக விட்டுவிடும், அதற்கப்புறம் ஏபிடியில் எதை நிறுவப் போனாலும் அதே பிழைதான் வந்து நிற்கும். அந்த மாட்யூலை டிகேஎம்எஸ்ஸிலிருந்து நீக்கிவிட்டு டிபிகேஜியை மீண்டும் கான்ஃபிகர் செய்யச் சொல்லுங்கள், சரியாகிவிடும். டிஸ்ட்ரோ கர்னலை மட்டும் கிரப் பட்டியலிலிருந்து தூக்கிவிடாதீர்கள்.