திரும்பி வரும் மின்னஞ்சல்: கையால் களைவதா, மெயில்மேனிடம் விடுவதா, வெர்ப்பா?

திருகோணமலைப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உவர்மலையிலிருந்து ரொறன்ரோ வரை 300 முகவரி, மாதம் ஒரு மடல், அதில் முப்பது திரும்பி வருகிறது. செயலாளருக்கு மூன்று வழி உண்டு.

முதலாவது, கையால். திரும்பிய மடலில் உள்ள எண்ணைப் பாருங்கள். 5.1.1 என்றால் அந்தப் பெயரில் பெட்டியே இல்லை, அன்றே நீக்கலாம். 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது, ஆளிடம் வட்ஸ்அப்பில் கேட்டுவிடலாம். 4 இல் தொடங்குவது தற்காலிகத் தடங்கல். மடலை அனுப்பும் சேவையக மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை தானே திரும்பத் திரும்ப முயலும். நூறு முகவரிக்குள் இதுவே போதும். சிக்கல், பழைய அலுவலக முகவரியில் சேர்ந்து அதை ஜிமெயிலுக்குத் திருப்பி வைத்திருப்பவர்களால் வரும். திரும்பும் மடலில் பட்டியலிலேயே இல்லாத முகவரி இருக்கும். யாருடையது என்று தேடியே பொழுது போய்விடும்.

இரண்டாவது, மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் மென்பொருளான மெயில்மேன். அதன் 2.1 பதிப்பு இந்த வேலையைப் புள்ளி போட்டுச் செய்கிறது. மடல் திரும்பினால் ஒருவருக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 புள்ளி. 5 சேர்ந்தால் விநியோகம் நிற்கும். பிறகு 7 நாள் இடைவெளியில் 3 எச்சரிக்கை, கடைசியில் நீக்கம். ஆனால் 7 நாள் புதிதாக எதுவும் திரும்பாவிட்டால் பழைய புள்ளி காலாவதி. மாதம் ஒரு மடல் அனுப்பும் சங்கத்தில் யாருமே 5 ஐத் தொடமாட்டார்கள்! காலாவதியை 45 நாளாகவும் எல்லையை 3 ஆகவும் மாற்றினால்தான் இது வேலை செய்யும்.

மூன்றாவது வெர்ப், கணினி அறிஞர் டான் பெர்ன்ஸ்டைன் 1997 இல் முன்வைத்த முறை. ஒவ்வொருவருக்கும் போகும் பிரதியின் திரும்பும் முகவரிக்குள்ளேயே அவருடைய முகவரி பொதிந்திருக்கும். எங்கே திருப்பி வைத்திருந்தாலும் ஆள் பிடிபடுவார். விலை, அனுப்பும் அளவு. ஜிமெயிலில் 200 பேர், மடல் 2 எம்பி என்றால், போஸ்ட்ஃபிக்ஸ் 50 பேராகச் சேர்த்து நான்கே தடவையில் 8 எம்பியோடு முடிக்கும். வெர்ப்பில் ஆளுக்கொரு தனிப் பிரதி என்பதால் 400 எம்பி. மாதம் ஒரு தடவைதானே, வெர்ப்பையே போடுங்கள். பிடிஎஃப்பை இணைக்காமல் இணைப்புச் சுட்டியாகக் கொடுங்கள்.

எந்த வழியானாலும் 5.7 இல் தொடங்கும் எண்ணில் கவனம் வேண்டும். அது பாதுகாப்புக் கொள்கையால் வந்த மறுப்பு, பெறுபவரின் பிழையல்ல. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை, அதாவது தன் பெயரில் வந்து சோதனையில் தேறாத மடலை என்ன செய்வது என்று மற்றச் சேவைகளுக்குச் சொல்லும் அறிவிப்பை, 'நிராகரி' என்று மாற்றியது. யாஹூக்காரர் ஒருவர் குழுவுக்கு எழுத, மெயில்மேன் அடிக்குறிப்பைச் சேர்க்க, மடலின் டிஜிட்டல் கையொப்பம் முறிந்து ஜிமெயில் அதை மறுத்தது. புள்ளி விழுந்ததோ ஜிமெயில் வைத்திருந்த அப்பாவிகளுக்கு. 2.1.18 பதிப்பிலிருந்து, இப்படியான மடலில் அனுப்புநர் வரியைக் குழுவின் முகவரியாக மாற்றும் தெரிவு இருக்கிறது. அதை முதலில் போடுங்கள். வெர்ப் சோதனை மடலையும் இயக்குங்கள், இயல்பில் அது அணைந்திருக்கும். எல்லையைத் தொட்டவருக்குக் குழுவின் பெயரிலேயே ஒரு மடல் போகும், அதுவும் திரும்பினால் மட்டுமே விநியோகம் நிற்கும். ஏற்கெனவே நிறுத்தப்பட்டவர்களுக்கு உறுப்பினர் பட்டியலில் 'பி' என்ற குறி இருக்கும். அவற்றைக் கையால்தான் எடுத்துவிட வேண்டும்.