டெக்கன் 8-ஆ, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஆ: காரைக்குடியில் நாங்கள் எடுத்த முடிவு

காரைக்குடியில் மாதந்தோறும் கூடி, இருவர் நேருக்கு நேர் மோதும் சண்டை வீடியோ ஆட்டங்களை ஆடும் எங்கள் சிறு குழு, தன் முதன்மை ஆட்டமாக டெக்கன் 8-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டது. எதிரே நின்றது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. இரண்டும் நல்ல ஆட்டங்கள் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் போட்டிகளில் எந்த அளவுக்குத் தலையிடுகிறது, அந்தத் தலையீட்டால் எங்களைப் போன்ற சிறிய ஊர்க் குழுவுக்கு ஏதேனும் பயன் உண்டா என்பதில்தான் விவாதம் நீண்டது. நான் டெக்கன் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எளிதில் தீரும் விஷயங்களை முதலில் தள்ளிவிடலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 2023 ஜூனிலும் டெக்கன் 8 2024 ஜனவரியிலும் வெளிவந்தன. இரண்டிலும் இணைய ஆட்டத்துக்கு, இணைப்பின் தாமதத்தை ஈடுகட்டும் ‘ரோல்பேக்’ முறை இருக்கிறது. கன்சோல் வைத்திருப்பவரும் கணினி வைத்திருப்பவரும் ஒருவரோடு ஒருவர் மோதலாம். புதிதாக வருபவருக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டரே எளிது. அதன் ‘மாடர்ன்’ கட்டுப்பாட்டு முறையில் ஒருவர் முதல் மாலையிலேயே உருப்படியாக ஆடிவிடுகிறார். டெக்கனிலோ ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நூறு அடிகளுக்கு மேல் இருப்பதால், எதிராளியின் அடிகளைப் படித்து முடிக்கவே மாதங்கள் போகின்றன. நின்டெண்டோ நிறுவனத்தின் சண்டை ஆட்டமான ஸ்மாஷ் பிரதர்ஸை வைக்கலாம் என்று சொன்னவரும் உண்டு. ஆனால் 2020-இல் ரசிகர்கள் உருவாக்கிய இணைய மென்பொருளைப் பயன்படுத்தியதற்காக ஒரு பெரிய போட்டியையே நிறுத்தச் சொன்ன நின்டெண்டோ, 2023-இல் வெளியிட்ட விதிகளில் நேரடிப் போட்டிக்கு 200 பேர், நுழைவுக் கட்டணம் 20 டாலர் என்றெல்லாம் வரம்பு கட்டியிருப்பதைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

இனி வட்டார வேறுபாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் சண்டை ஆட்டக்காரர்களின் சமூகம் நிறுவனங்களின் துணையின்றி வளர்ந்தது. 1996-இல் கலிபோர்னியாவில் ‘பேட்டில் பை தி பே’ என்ற பெயரில் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் ஆட்டக்கூடம்) ஆட்டக்காரர்கள் தாங்களே நடத்திய கூடுகைதான் 2002 முதல் ஈவோ என்ற பெரிய சண்டை ஆட்டப் போட்டி ஆனது. ஸ்ட்ரீட் ஃபைட்டரை வெளியிடும் காப்காம் நிறுவனம் ‘புரோ டூர்’ என்ற தன் போட்டித் தொடரைத் தொடங்கியது 2014-இல்தான். இன்று ஈவோவும் பெருநிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது: 2021-இல் சோனியும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து அதை வாங்கின, 2025-இல் சோனியின் பங்கை நம் நாட்டின் நாட்வின் கேமிங் வாங்கியது. இருந்தும் போட்டியை நடத்துபவர் முதலில் ஆட்டக்காரர், அப்புறம்தான் நிறுவனம் என்ற பழக்கம் அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.

ஜப்பானில் நிலைமை வேறு. ஆர்கேட் நிலையங்கள் அங்கேதான் செழித்தன என்றாலும், பரிசுப் பணத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பு குறுக்கே நின்றதால், 2018-இல் அமைந்த ஜப்பான் இ-ஸ்போர்ட்ஸ் ஒன்றியம் ‘தொழில்முறை உரிமம்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2019-இல் டோக்கியோ கேம் ஷோவில் நடந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டியில் வென்ற மொமோச்சி, கொள்கைக் காரணத்தால் உரிமம் வாங்காதவர். அறிவிக்கப்பட்ட 50 லட்சம் யென்னுக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது சுமார் 60,000 யென். நிறுவனமும் அமைப்பும் சேர்ந்து நடத்தும் களத்தில் உள்ளே இருப்பவருக்கு எல்லாம் உண்டு, வெளியே நிற்பவர் வென்றாலும் வெறுங்கைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

காப்காமின் தலையீட்டைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. 2024-இல் காப்காம் கோப்பையை வென்ற தைவானின் உமாவுக்கு 10 லட்சம் டாலர் கிடைத்தது. டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த மெனா 2017-இலேயே இதே கோப்பையை வென்று, உலகின் ஒரு மூலையிலிருந்து வந்தும் மேடை ஏற முடியும் என்று காட்டினார். எங்கள் குழுவில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “அண்ணே, பத்து லட்சம் டாலர் குடுக்குறவனை விட்டுட்டு எங்கண்ணே போறது?” “தம்பி, அந்தப் பணம் ஜப்பான்ல இருக்கு. நமக்கு முதல்ல பக்கத்துல உட்கார்ந்து ஆட ஆள் வேணும்” என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான். நிறுவனம் போடும் பாதையின் முதல் படி இணையத்தில் இருக்கிறதா, ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களிடம் இருக்கிறதா? காப்காமின் ‘வேர்ல்டு வாரியர்’ தொடர் வட்டாரம் வட்டாரமாக, அங்கங்கே வசிப்பவர்களுக்காக, பெரும்பாலும் இணையத்திலேயே நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காரைக்குடியில் கூடும் பத்துப் பதினைந்து பேருக்கு அந்தத் தொடரில் ஒரு குழுவாக இடமில்லை; அவரவர் வீட்டிலிருந்து தனித்தனியாகப் பதிவு செய்து, தொலைவில் இருக்கும் எதிராளியோடு, அன்றைய பிங் (இணைப்பின் தாமதம்) விட்ட வழி என்று ஆட வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ‘பெர்ஃபெக்ட் பேரி’ எனப்படும் துல்லியத் தடுப்புக்குக் கிடைக்கும் அவகாசம் திரையின் இரண்டு பிரேம் (படச் சட்டம்), அதாவது நொடியில் முப்பதில் ஒரு பங்கு. ரோல்பேக் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், இணைப்பு ஒரு கணம் தடுமாறினால் அந்த அவகாசம் கண்ணில் படாமலே போய்விடும்.

டெக்கனை வெளியிடும் பண்டாய் நாம்கோ 2017-இல் தொடங்கிய டெக்கன் வேர்ல்டு டூர் என்ற போட்டித் தொடர், 2019-இல் ‘டோஜோ’ என்ற படியைச் சேர்த்தது. உள்ளூர்க் குழுக்கள் தாங்கள் நேரில் நடத்தும் சிறு போட்டியைப் பதிவு செய்துகொண்டால், அதில் வென்றவர்களுக்கும் உலகத் தரவரிசையில் சில புள்ளிகள் உண்டு என்பதே அதன் சாரம். புள்ளி சிறிதுதான், விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. ஆனாலும் ஊரில் ஓர் அறையில் நடக்கும் கூடுகையும் போட்டிதான் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். பெரிய போட்டி அமைப்பாளர்களுக்கு இது அவ்வளவு முக்கியமாகப் படாது. எங்களைப் போன்றோருக்கு எல்லாமே இதுதான்.

அறையின் பலத்துக்குப் பாகிஸ்தானின் லாகூர் சான்று. 2019 பிப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோவில், வெளியுலகம் அதுவரை அதிகம் அறிந்திராத லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் டெக்கன் 7 போட்டியில் வென்றார். அதே ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவில், ‘நீ’ (Knee) என்ற பெயரில் ஆடும் கொரிய ஆட்டக்காரரை இறுதி ஆட்டத்தில் வீழ்த்தினார். தன் ஊரில் தன்னைவிட வலுவானவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. அந்தக் கொரிய ஆட்டக்காரர் பாகிஸ்தானுக்கே போய் ஆடிப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். உலகச் சுற்றின் பெரிய போட்டிகள் எட்டாத ஓர் இடத்தில், ஆர்கேட் கடைகளில் நாள் முழுதும் ஒருவரை ஒருவர் அடித்துப் பழகிய கூட்டம் அது. நம் ஊர்களிலும் அந்த விதை இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய கடைகளில் டெக்கன் 3 ஆடி, எடி என்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உதைப் பொத்தானை மட்டும் அமுக்கியவர்கள் இன்று முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். கூப்பிட்டால் அவர்கள் டெக்கனுக்கு வருகிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு வருபவர் குறைவு.

நாங்கள் கூடுவது ஓர் உறவினரின் பழைய வீட்டு வளவில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுவழுப்பாக இருப்பதால் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆட்டத்தின் சூட்டில் பின்னுக்கு நழுவும்; ஆகவே ஜமுக்காளம் விரித்துத் தரையில்தான் உட்கார்கிறோம். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவார், பின்னால் நிற்பவர் “கீழ அடிக்கிறான், உட்கார்ந்து தடு” என்று கத்துவார். இந்தக் கத்தலில் கற்றதை நான் இணையத்தில் கற்றதில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஸ்ட்ரீட் ஃபைட்டரை நான் இணையத்தில் தொடர்ந்து ஆடியவன் அல்லன், எனவே அதன் இணையச் சமூகத்தைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுக் கழித்தே படிக்க வேண்டும்.

டெக்கனின் குறைகளும் சிறியவை அல்ல. 2025 ஏப்ரலில் வந்த இரண்டாம் சீசன் மாற்றங்கள், தாக்குபவருக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டன என்று உலகெங்கும் ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நிறுவனம் அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளியிட நேர்ந்தது. தொடரின் முகமாக இருந்த கட்சுஹிரோ ஹராதாவும் 2025 முடிவில் நிறுவனத்தை விட்டு விலகினார். அடுத்து வருபவர்கள் டோஜோ போன்ற ஏற்பாடுகளைப் பேணுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறுபுறம் காப்காமும் சறுக்கியதுண்டு: 2022-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கான சமூகப் போட்டி விதிகளில் பரிசுத் தொகைக்கு இறுக்கமான வரம்பு வைத்து, அமைப்பாளர்கள் எதிர்த்ததும் மறுபரிசீலனை செய்வதாக இறங்கிவந்தது.

பரிசுப் பணத்தில் மட்டும் அமெரிக்க வழக்கத்தை எங்களால் பின்பற்ற முடியவில்லை. அங்கே நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்து முதல் எட்டு இடத்தவருக்குப் பகிர்வதும், இருவர் பணம் கட்டித் தனியாக மோதுவதும் சகஜம். இங்கே 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரித்து, இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. நாங்கள் ஆடுவது நேரில்தான் என்றாலும், சூதாட்டம் என்று யாரும் பெயர் வைக்க இடம் கொடுப்பானேன்? வீட்டு ஆச்சியின் காதில் விழுந்தாலே போதும், வளவு எங்களுக்கு இல்லை. எனவே வசூலிக்கும் தொகை முழுவதும் சாப்பாட்டுக்கும் மின்தடை நேரத்து இன்வெர்ட்டருக்குமே போகிறது. இரண்டாவது கன்சோலில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐயும் வைத்திருக்கிறோம். அந்தத் தம்பி அதில்தான் வேர்ல்டு வாரியருக்குப் பயிற்சி எடுக்கிறார். காப்காம் தன் வட்டாரத் தொடரில் நேரடிக் கூடுகைகளுக்கும் புள்ளி தரத் தொடங்கினால், எங்கள் முடிவை மறுபடி வாக்கெடுப்புக்கு விடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம்.