ஈரக் கைக்குப் பணியாத இன்டக்ஷன் அடுப்பு

2022இல் கொழும்பில் இன்டக்ஷன் அடுப்பு வாங்கிய பலருக்கும் காரணம் ஒன்றுதான்: காஸ் இல்லை. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. காசு இருந்தாலும் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நிற்க வேண்டும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வேறு. கரண்ட் வருகிற நேரத்திலாவது சோறு வேகட்டும் என்று வெள்ளவத்தை வீட்டுக்கு ஒன்று வாங்கினோம். கறுப்புக் கண்ணாடித் தட்டு, தொட்டால் வேலை செய்யும் பொத்தான்கள், 2000 வாட். பெயர் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் வருகிற அடுப்புகளில் பெரும்பாலானவை கிட்டத்தட்ட இதே மாதிரித்தான் இருக்கின்றன.

வேகத்தில் குறையே இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சுருளின் காந்தப்புலம் சட்டியின் அடியையே சூடாக்குவதால் சமையலறையில் வெக்கையும் குறைவு. அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் இதில் வேலை செய்யாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். அதைக் கடைக்காரரே சொல்லிவிட்டார், பழகியும் விட்டோம்.

பழக முடியாமல் போனது அந்தப் பொத்தான்களோடுதான். விரல் தொடும்போது ஏற்படும் சின்ன மின் மாற்றத்தை வைத்துத்தான் அவை வேலை செய்கின்றன. தண்ணீர்த் துளியும் அதே மாற்றத்தை உண்டாக்கும். சமையலறையில் கை எப்போது காய்ந்திருக்கிறது? அரிசி கழுவிய கையோடு தொட்டால் ஒன்று அசையாது, இல்லையென்றால் பக்கத்துப் பொத்தான் வேலை செய்யும். பால் பொங்கினால் இன்னும் மோசம். வழிந்த பால் பொத்தான்களின் மேல் நிற்க, அடுப்பு பீப் பீப் என்று கத்தும், ஆனால் அணைக்க விடாது. சுவர் சுவிட்சுக்குத்தான் ஓட வேண்டும். அவசரமாக அணைக்க வேண்டிய நேரத்தில் அணைக்க முடியாத அடுப்பை வடிவமைத்தவர், அதில் ஒரு நாளாவது பால் காய்ச்சிப் பார்த்திருப்பாரா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

அம்மாவுக்கு வேறு பிரச்சினை. வயதானவர்களின் காய்ந்த விரலை இந்தப் பொத்தான்கள் லேசில் உணர்வதில்லை. கண்ணாடி முழுக்க ஒரே வழவழப்பு, தடவிப் பார்த்தும் எது எங்கே என்று தெரியாது. "இதை எங்க அமத்துறது எண்டே தெரியேல்ல, பிள்ளை" என்று கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு, ஒருநாள் அணைக்கும் பொத்தானின் ஓரத்தில் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டா. அதன் பிறகு மூக்குக்கண்ணாடி போடாமலே விரல் வைக்கிறா. தொழிற்சாலையில் ஒரு சின்ன மேடு வைத்திருந்தால் போதும்.

அடுத்தது சொதி. தேங்காய்ப்பால் விட்ட பிறகு மெல்லிய சூடு வேண்டும். மலிவான இன்டக்ஷன் அடுப்புகளில் பல, குறைந்த சூட்டைத் தொடர்ச்சியாகத் தருவதில்லை. சில செக்கன் பெரிய சூடு, சில செக்கன் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி பெரிய சூடு. திரையில் காட்டும் எண் வெறும் சராசரிதான். பாலுக்குச் சராசரி தெரியுமா? திரைந்து போகும். ஹாட்பாட் என்கிற சீனக் கொதிசூப்புக்கும் பொரியலுக்கும் தனிப் பொத்தான் வைத்தவர்கள் மெல்லக் கொதிக்க விடுவதை மறந்துவிட்டார்கள்.

இன்னொன்று, பழக்கம் சம்பந்தப்பட்டது. சமைத்து முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைப்பது எங்கள் வீடுகளில் சின்ன வயதிலிருந்தே வருவது. ஆனால் இந்த அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் விசிறி கொஞ்ச நேரம் சுற்றி உள்பாகங்களைக் குளிர்விக்க வேண்டும். அதைச் சொல்ல அடுப்பில் ஒரு விளக்கும் இல்லை. கையேட்டின் நடுப்பக்கத்தில் எங்கேயோ ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். பிறகு அடுப்பு நின்றபோது பழுது பார்த்தவர் உள்ளே இருந்த எண்ணெய்ப் பிசுக்கையும் கரப்பான் பூச்சிகளையும் காட்டி, பவர் ட்ரான்சிஸ்டர் எரிந்துவிட்டது என்றார். கடற்காற்றும் சேர்ந்திருக்கும் என்றார். எது எவ்வளவு பங்கு என்று அவருக்கும் தெரியாது.

பாவிக்கிறவரின் அனுபவத்தை 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பெயரை 1993இல் அப்பிள் கணினி நிறுவனத்தில் தன் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டவர், வடிவமைப்பு பற்றி எழுதும் அமெரிக்கர் டொன் நோர்மன். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் எந்தத் திருகு எந்த அடுப்புக்கு என்று தெரியாமல் ஆட்கள் குழம்புவதைப் பற்றி அவர் அதற்கு முன்பே, 1988இல், எழுதிவிட்டார். அடுப்பு அப்போதே பாடமாக இருந்திருக்கிறது. திருகுகளை எடுத்துவிட்டால் குழப்பம் தீரும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள் போல. கார்களிலும் இதே கதை. எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் தள்ளிய பிறகு, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்காப் 2026 முதல் சிக்னல், ஹோர்ன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழுப் புள்ளி என்கிறது.

நியாயமாகச் சொன்னால் வழவழப்பான கண்ணாடியைத் துடைப்பது சுகம். திருகின் இடுக்கில் மா அடையும், நாள்பட்டால் வழுக்கும். அது தெரிந்தேதான் இரண்டாவது தடவை திருகு வைத்த அடுப்பை எடுத்தோம். வாட் குறைவு, மெனு இல்லை, பார்க்கவும் பழைய சாமான் மாதிரி. பால் பொங்கினால் இடப்பக்கம் ஒரு திருப்பு, அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தால் தானாக எரியத் தொடங்காது, அதுவும் சரிதான். அம்மா இதற்குப் பொட்டு ஒட்டவில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள். விரலை நனைத்துக்கொண்டு அணைத்துப் பாருங்கள். அரைச் சட்டி தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிறகு சூட்டை ஆகக் குறைத்துவிட்டுக் குமிழிகளைக் கவனியுங்கள். விட்டு விட்டுக் கொதித்தால் சொதிக்கு அது உதவாது. சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். பெட்டி பிரிக்க முடியாது என்று சொல்கிற இடத்தில் நாங்கள் வாங்கவில்லை.