காக்ளியர் கருவி பொருத்தியவரை எம்ஆர்ஐ எடுக்க அழைத்துச் செல்கிறீர்களா? காரைக்குடிப் பக்கத்தார் கவனத்திற்கு

காது கேளாத என் அக்காள் மகனுக்குச் சிறு வயதிலேயே காக்ளியர் கருவி பொருத்தப்பட்டது. கேட்க உதவும் இக்கருவியின் ஒரு பகுதி அறுவை செய்து தோலுக்கு அடியில் வைக்கப்படும்; மற்றொரு பகுதி காதில் வெளியே மாட்டப்படும். கல்லூரியில் படிக்கும் அவன் அண்மையில் தேவகோட்டை சாலையில் வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் ஜவ்வில் அடிபட்டுக்கொள்ள, மருத்துவர் எம்ஆர்ஐ எடுத்து வரச் சொன்னார். காரைக்குடியில் ஒரு ஸ்கேன் மையத்தில் அக்காள் கருவியின் அடையாள அட்டையை நீட்டியபோது, அங்கிருந்த ஊழியர் அதை வாங்கிக்கூடப் பார்க்காமல், "முழங்காலுக்குத்தானே ஆச்சி, காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டால் போதும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது முற்றிலும் தவறு. வெளிக்கருவியைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் ஒலியை உள்ளே அனுப்பும் அதன் வட்டச் சுருளைத் தலையோடு பிடித்து நிறுத்தும் காந்தம், காதுக்குப் பின்னே தோலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தப்புலமோ படம் எடுக்காத நேரத்திலும் அணைவதில்லை. அது உள்ளிருக்கும் காந்தத்தை இழுப்பதோடு, தன் திசைக்குத் திருப்பவும் பார்க்கும். இயந்திரத்தின் வாயருகே இழுப்பு மிகக் கடுமையாக இருப்பதால், எடுப்பது முழங்கால் படம்தான் என்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது.

பழைய மாதிரிகள் பலவற்றில் காந்தம் சிலிக்கோன் உறைக்குள் பதிந்திருக்கும். அவற்றுள் சிலவற்றுக்கு, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அளவு) இயந்திரத்தில் தலையை இறுக்கக் கட்டி எடுக்கலாம். 3 டெஸ்லா என்றால் பெரும்பாலும் சிறு அறுவை செய்து காந்தத்தை முன்கூட்டியே வெளியே எடுக்க வேண்டும். மெட்-எல் நிறுவனத்தின் சிங்க்ரனி, காக்ளியர் நிறுவனத்தின் புரொஃபைல் பிளஸ் போன்ற பிந்தைய மாதிரிகளில் காந்தம் உள்ளுக்குள் தானே திரும்பிக்கொள்வதால், 3 டெஸ்லாவிலும் அதை எடுக்கத் தேவையில்லை. ஆகவே மாதிரி எண்ணைப் பார்க்காமல் எவராலும் பதில் சொல்ல முடியாது. அந்த எண் இருந்த அட்டையைத்தான் அவர் தொடக்கூட மறுத்தார்.

கட்டு எதுவும் போடாமல் அவனை உள்ளே அனுப்பினார்கள். வெளிக்கருவி இல்லாததால் அவர்கள் பேசியது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னே தாங்க முடியாத வலி வந்ததும் கையிலிருந்த அழைப்புப் பந்தை அழுத்தியிருக்கிறான். வெளியே கொண்டுவந்த பிறகு சுருள் தலையில் ஒட்டவில்லை. மதுரையில் எடுத்த எக்ஸ்ரேயில், காந்தம் உறையை விட்டுச் சரிந்திருப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை வேண்டுமாம். அதுவரை அந்தக் காதால் அவனுக்கு எதுவும் கேட்காது. அந்த மையமோ, பாதியில் நின்ற ஸ்கேனுக்கும் முழுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டது. உடலில் உலோகம் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று ஊழியர்களே குறியிட்ட படிவத்தைக் காட்டி இப்போது பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால், கருவி பொருத்திய மருத்துவமனையின் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்புத்திறன் வல்லுநரிடம்) முதலில் பேசி, உங்கள் மாதிரிக்கு எத்தனை டெஸ்லா வரை, எந்த நிபந்தனையோடு அனுமதி என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிடி ஸ்கேனோ அல்ட்ராசவுண்டோ போதுமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமும் கேளுங்கள். மையத்தில் ரேடியாலஜி மருத்துவரே அட்டையைப் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை பிள்ளையை அந்த அறை வாசலைத் தாண்ட விடாதீர்கள். நாங்கள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட ஆவணங்களைத் திரட்டி வருகிறோம்.