காரைக்குடியில் ஒரு யூரின் கல்ச்சர்

லண்டனிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்கு வரும்போது வயிற்றுப்போக்குக்கு மருந்து, கொசுவுக்குக் கிரீம் என்று எல்லாம் எடுத்து வருகிறோம். நீர்க்கடுப்பு யாருக்கும் நினைவில் வருவதில்லை. எங்கள் ஆறு வயது மகளுக்கு இந்த முறை அதுதான் வந்தது.

சென்னையிலிருந்து காரைக்குடி வரும்வரை ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டே வந்தாள். ரயில் கழிவறையை எட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிவிட்டாள். திரும்பப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். சொட்டுச் சொட்டாகத்தான் போனது. எரியுது என்று அழுதாள். மாலையில் காய்ச்சலும் வந்துவிட்டது. மாமியார், "சூடு பிடிச்சிருக்கும்மா" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். நல்லதுதான், நீர் உள்ளே போகட்டும். ஆனால் காய்ச்சலோடு வரும் கடுப்புக்கு இளநீர் மட்டும் போதாது.

தெருமுனை மெடிக்கலில் தெர்மாமீட்டர் வாங்கப் போனேன். விஷயத்தைக் கேட்ட தம்பி, "செஃபிக்ஸிம் சிரப் தர்றேன்க்கா, மூணு நாள்ல சரியாயிடும்" என்றார். சீட்டு கேட்கவில்லை. அது ஒரு ஆன்டிபயாட்டிக், மருந்து விதிகளில் உள்ள எச்1 பட்டியலில் இருப்பது. 2014 முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது, கொடுத்ததைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். அவர் உதவி செய்யத்தான் நினைத்தார். ஆனால் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போனாலே, சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் எந்தக் கிருமி, எதற்குக் கட்டுப்படும் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

குழந்தைகள் டாக்டரை அன்று இரவே பார்க்க முடிந்தது. டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவர் முதலில் கேட்டது, "மோஷன் தினமும் போறாளாம்மா?" என்றுதான். ஊருக்கு வந்ததிலிருந்தே சரியாகப் போகவில்லை. மலம் கட்டி நின்றால் அது மூத்திரப்பையை அழுத்தும், பை முழுதும் காலியாகாது, தங்கும் நீரில் கிருமி பெருகும் என்று பொறுமையாகச் சொன்னார். பெண் குழந்தைகளுக்கு நீர்த்தாரை, அதாவது சிறுநீர் வெளியே வரும் குழாய், குட்டையாக இருப்பதால் கிருமி எளிதில் மேலே ஏறிவிடுகிறது. அதனால்தான் முன்னாலிருந்து பின்னால் கழுவப் பழக்க வேண்டும். சாம்பிள் கொடுத்த பிறகே மருந்தைத் தொடங்கச் சொன்னார்.

சாம்பிள் எடுப்பதில்தான் கஷ்டம். லேப் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, தரையெல்லாம் ஈரம், அவள் உட்காரவே மறுத்தாள். இத்தனை குழந்தைகள் வரும் இடத்தில் ஒரு சுத்தமான கழிவறை இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். மூடி திறக்காத டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்தோம். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று லேப் பெண் சொல்லியிருந்தார். அவர் அக்கறையாகச் சொன்னதால்தான் சாம்பிள் கெடாமல் போய்ச் சேர்ந்தது.

சாதாரண யூரின் டெஸ்ட் முடிவு உடனே வந்துவிட்டது, சீழ் செல்கள் நிறைய. கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் ஆயிற்று. வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட்டில் ஈ.கோலி என்ற குடல் கிருமி, ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். செஃபிக்ஸிமுக்கு நேரே 'ஆர்', அதாவது அந்த மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படாது. டாக்டர் தொடங்கியிருந்த சிரப்புக்கு 'எஸ்', அதாவது கட்டுப்படும். காய்ச்சல் அதற்குள் விட்டிருந்தது. டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், மருந்து எல்லாம் சேர்த்தும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

அடிக்கடி ஒன்றுக்குப் போனாலே கிருமி என்றில்லை. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல், தாகம் அதிகமாகி உடம்பும் மெலிந்தால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். குளிர்நடுக்கம், வாந்தி, விலா வலி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான்.

மகளுக்கு இது இரண்டாவது தடவை என்பதால் சிறுநீரக ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் லண்டனில் எங்கள் குடும்ப டாக்டரிடம் (ஜி.பி.) கொடுக்க பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பும் ரயிலுக்கு குழந்தைகள் ஒன்றுக்குப் போக உட்காரும் மடக்கு இருக்கை (potty) ஒன்று வாங்கியாயிற்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளை உட்கார வைக்க வேண்டும்.