ரூட் கெனால் தோற்ற பல்: திரும்பத் திறப்பதா, வேர் நுனியை வெட்டுவதா, பிடுங்குவதா?

"நரம்பையே எடுத்துட்டாங்கோ டாக்டர். அப்பால இன்னாத்துக்கு வீங்குது?"

சென்னை காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் போன மழைக்காலத்தில் என்னிடம் கேட்டது இது. மூன்று வருடத்துக்கு முன் வேறோர் இடத்தில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்திருந்தார். வலி போனதும் அந்தப் பல்லை மறந்துவிட்டார். இப்போது ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம், அழுத்தினால் சீழ். கையில் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை அட்டை, பாதி தீர்ந்திருந்தது.

தண்டையார்பேட்டையில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நியாயமான கேள்வி. பல்லுக்குள் இருந்த நரம்புதான் போயிருக்கிறது, பல்லைச் சுற்றியுள்ள எலும்புக்கு உயிர் இருக்கிறது. உள்ளே தங்கிய கிருமிகளும் அவற்றின் கழிவும் வேர் நுனித் துவாரம் வழியே கசிந்தால், உடம்பு அங்கே எதிர்த்து நிற்கும். அந்தச் சண்டையில் எலும்பு கரையும். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் தெரியும் கருநிழல் அதுதான்.

கிருமி இல்லாவிட்டால் இந்த நோயே இல்லை என்பதை 1965-இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் எலிகளில் காட்டினார்கள். பல்லைத் துளைத்துப் பற்கூழை, அதாவது உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசுவை, திறந்தபடி விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கோ, துளையில் தீனி அடைத்துக்கொண்டபோதும், கூழ் உயிரோடு இருந்தது, துளையை மூடப் புதிய பல்திசுவும் வளர்ந்தது.

அதனால்தான் சிகிச்சை தோற்ற பல்லோடு வருபவர்கள் "எது பெஸ்ட் டாக்டர்?" என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. கிருமி எங்கே இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும். வேருக்குள்ளா, வேருக்கு வெளியிலா, விரிசலிலா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

மாத்திரையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். மாத்திரை ரத்தத்தில் போகிறது. கூழ் எடுத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. வீக்கம் வடியும், கிருமி அங்கேயே இருக்கும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ ஆன்ட்டிபயாடிக் அவசியம்தான். ஆனால் அப்போது போகவேண்டிய இடம் மருந்துக்கடை இல்லை, ஆஸ்பத்திரி. ராத்திரி என்றாலும் போங்கள்.

திரும்பத் திறப்பது

கிருமி வேருக்குள் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். பெரும்பாலான பற்களில் அது உள்ளேதான் இருக்கிறது.

முதல்முறை சொத்தையாகி அழுகும் பல்லில் கிருமிகள் பெருங்கூட்டமாக இருக்கும். காற்றே வேண்டாத பல வகைகள் கலந்து வாழும். நன்றாகச் செய்தும் தோற்ற பல்லில் கூட்டம் குறைவு, ஆனால் மிஞ்சியவை முரட்டு வகைகள். 1998-இல் சுண்ட்குவிஸ்ட் குழுவினர் இப்படித் தோற்ற 54 பற்களைத் திறந்து பார்த்தார்கள். 24 பற்களில் கிருமி வளர்ந்தது. அதிகம் கிடைத்தது என்டரோகாக்கஸ் ஃபேக்காலிஸ் என்ற கிருமி, அந்த 24-இல் 38 சதவீதத்தில். திரும்பத் திறந்து கழுவி அடைத்த இந்த மறுசிகிச்சையில் மொத்தம் 74 சதவீதப் பற்கள் ஆறின. இந்தக் கிருமி இருந்தவற்றில் 66 சதவீதம்.

இந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். பல்லின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதற்குள் புகுந்துகொள்ளும். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பாசி படிவது போலப் படலமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு சிட்டிங்குக்கு நடுவே நாங்கள் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையின் காரத்தன்மை (pH) 12.5 வரை இருக்கும். இந்தக் கிருமி ஏறக்குறைய 11.5 வரை தாங்கும். பல்லின் சுவரே அந்தக் காரத்தைத் தணித்துவிடுவதால், நுண்குழலின் ஆழத்தில் அது தப்பித்துவிடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வெளுத்தவர்களால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நானும் வெளுக்கும் மருந்தைத்தான் நம்புகிறேன்: சோடியம் ஹைப்போகுளோரைட். அது நேரில் பட்டால் இந்தக் கிருமியும் சாகும். படவைப்பதுதான் பாடு.

பழியை அந்த ஒன்றின் மேலேயே போடுவதும் சரியில்லை. மரபணுவை வைத்துத் தேடும் புதிய முறைகளில் வேறு பல கிருமிகளும் கிடைக்கின்றன, நோயில்லாத ரூட் கெனால் பற்களிலும் ஃபேக்காலிஸ் இருக்கிறது. நான் திறக்கும் பற்களில் கிருமியின் திறமையைவிட எங்கள் தரப்புக் குறையைத்தான் அதிகம் பார்க்கிறேன். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்க வேர் ஒன்றில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய், அதாவது நரம்பு ஓடும் குழல், பெரும்பாலும் இருக்கும். அதை விட்டுவிட்டால் அங்கிருக்கும் கிருமி மேல் மருந்து பட்டதே இல்லை என்று அர்த்தம். ரப்பர் ஷீட் கட்டாமல் செய்தால் நாம் சுத்தம் செய்யச் செய்ய எச்சில் உள்ளே இறங்கும்.

இன்னொரு காரணம் எங்கள் பக்கம் மிக மிகச் சாதாரணம். கேப் போடாமல் விடுவது. "பையன் ஃபீஸ் கட்டிட்டு வரேன் டாக்டர்" என்று தற்காலிக அடைப்போடு போனவர்கள் ஒரு வருடம் கழித்து வருகிறார்கள். அந்த அடைப்பு சில வாரங்களுக்கானது. அது தேய்ந்து கசிந்தால் எச்சிலும் கிருமியும் மேலிருந்து இறங்கும். ரே, டிரோப் இருவரும் 1995-இல் 1010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தார்கள். வேர் அடைப்பும் மேல் அடைப்பும் நன்றாக இருந்தவற்றில் 91.4 சதவீதம் நோயின்றி இருந்தன. இரண்டும் மோசமாக இருந்தவற்றில் 18.1 சதவீதம்தான். கேப் அழகுக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கொடுக்கிறேன்.

"ஒருமுறை தோத்தது திரும்பவும் தோக்காதா?" என்ற பயம் புரிகிறது. லண்டனில் நடந்து 2011-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் முதல் சிகிச்சையில் 83 சதவீத வேர்கள் ஆறின, மறுசிகிச்சையில் 80. வித்தியாசம் அவ்வளவுதான்.

வேர் நுனியை வெட்டுவது

ஈறைத் திறந்து, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டரை வெட்டி, கீழிருந்து அடைப்பது. உள்ளே நன்றாகவே செய்திருந்தும் நிழல் போகவில்லை என்றால் இது வெல்லும். ஆக்டினோமைசிஸ் போன்ற சில கிருமிகள் வேரைத் தாண்டித் திசுவிலேயே காலனி போட்டுக்கொள்ளும். உள்ளே எத்தனை முறை கழுவினாலும் அவற்றை எட்டாது. கேப்பும், அதைத் தாங்க வேருக்குள் இறக்கிய போஸ்ட்டும் உறுதியாக இருந்து, பிரித்தால் பல்லே உடையும் என்றாலும் இதுதான் வழி. பழைய முறையில் 59 சதவீதம், மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் புதிய முறையில் 94 சதவீதம் வெற்றி என்று 2010-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. ஆகவே செய்யப்போகிறவரிடம் மைக்ரோஸ்கோப் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

உள்ளே அழுக்கை வைத்துக்கொண்டு நுனியை மட்டும் வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். தொட்டியில் பாசி பிடித்திருக்கக் குழாயை மட்டும் மாற்றுகிற வேலை அது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் எலும்பு தடிமன், உதட்டுக்குப் போகும் நரம்பும் பக்கத்தில். அங்கே இன்னும் யோசிக்கவேண்டும்.

பிடுங்குவது

வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் பேச்சே இல்லை, பிடுங்கத்தான் வேண்டும். அந்த விரிசல் கிருமிக்கு நேர்வழி. ஈறுக்கு மேல் கேப் பிடிக்கப் பல்லே மிச்சமில்லை என்றாலும் அப்படியே. மற்றபடி "பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வெச்சுக்கறேன், தொல்லை விட்டுது" என்பவர்களிடம் நான் வாதாடுகிறேன். எலும்பில் திருகிப் பொருத்தும் இந்தச் செயற்கை வேருக்குச் சொத்தை வராது, ஆனால் அதைச் சுற்றியும் கிருமி சேர்ந்து எலும்பைத் தின்னும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், புகைப்பவர்கள், ஈறுநோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். பிரிட்ஜ் போட்டால் பக்கத்து நல்ல பற்கள் இரண்டைச் சீவவேண்டும். அதே லண்டன் ஆய்வில் மறுசிகிச்சை செய்த பற்களில் 95 சதவீதம் நான்கு வருடம் கழித்தும் வாயில் இருந்தன.

செலவுதான் கவலை என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேர் சிகிச்சைக்குத் தனித்துறையே உண்டு. பலமுறை போகவேண்டியிருக்கும், காத்திருக்கவேண்டும். ஆனாலும் பிடுங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றே சொல்வேன்.

அக்காவின் பல்லில் விரிசல் இல்லை. பின் வேரில் ஒரு கால்வாய் தொடப்படவே இல்லை. கேப்பும் போட்டிருக்கவில்லை. திறந்து, கழுவி, இரண்டு வாரம் பசை வைத்தேன். கொப்புளம் வற்றியது. வேரை அடைத்து, அடுத்த வாரமே கேப்பும் போட்டாயிற்று. பாதித் தொகையை ஏலம் முடிந்த கையோடு கொண்டுவந்து கொடுத்தார். நிழல் முழுதாக மறைய வருடக்கணக்கில் ஆகலாம். ஆறு மாதத்தில் எக்ஸ்ரேக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சுருங்கத் தொடங்கியிருக்கிறதா என்று அன்றைக்குத் தெரியும்.